பத்து நிமிடப் பாட்டுக்கு ஒரு நாள் போகிறதே என்று கேட்பவருக்கு

கேள்வி இதுதான்: “நாங்கள் காட்பாடியில் இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஐந்து வருடமாக வாய்ப்பாட்டு கற்கிறாள், வர்ணங்கள் முடிந்து கீர்த்தனைகள் போய்க்கொண்டிருக்கின்றன. இசை விழாக்களில் பாட அனுப்புங்கள் என்று அவளுடைய டீச்சர் சொல்கிறார். போனால் பத்து நிமிடம்தான் பாட விடுகிறார்கள், அதற்கு ஒரு நாள் முழுக்கப் போகிறது. படிப்பும் கெடுகிறது. உண்மையில் இதனால் என்ன பயன்?”

நான் பாட்டு வாத்தியார் இல்லை, மிருதங்கம் வாசிக்கிறவன். வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை என்று, பழைய ஆட்கள் இன்னும் வட ஆற்காடு என்றே சொல்லும் இந்த வட்டாரத்தில், பிள்ளைகள் பாடும் மேடைகளில் முப்பது வருடத்துக்கு மேலாகப் பக்கவாத்தியம் வாசித்து வருகிறேன். பாடுகிறவருக்கு வலப்பக்கம் என் இடம். தாளம் போடும் கை என் கண்ணுக்கு நேரே இருக்கும். பிள்ளை பயந்தால் அது முகத்தில் தெரிவதற்கு முன்னால் அந்தக் கையில் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்ததை அந்த இடத்தில் உட்கார்ந்தே சொல்கிறேன்.

மகள் பாடும் பத்து நிமிடத்தை நீங்கள் வரவிலும் மீதி நாளைச் செலவிலும் எழுதுகிறீர்கள். நான் மாற்றித்தான் எழுதுவேன். அந்தப் பத்து நிமிடத்துக்கும் பலன் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேடைக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற அந்த ஐந்தாறு மணி நேரத்தில் பிள்ளை எங்கே உட்காருகிறது, யாரைக் கேட்கிறது, யாரோடு பேசுகிறது என்பதில்தான் முக்கால்வாசி சமாச்சாரம் இருக்கிறது.

முதலில் அந்தப் பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டில் உங்கள் மகள் எப்படிப் பாடுகிறாள்? போனில் சுருதி ஓடும், தாளத்தைக் கையில் போடுவாள், தப்பினால் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். அந்த வசதி மேடையில் கிடையாது. சில வருடங்களுக்கு முன் ஒரு நவராத்திரி மேடையில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். சுருதி அவள் அம்மாவின் போனில் ஓடிக்கொண்டிருந்தது. அனுபல்லவி எடுக்கிற நேரம் பார்த்து யாரோ அந்தப் போனுக்குக் கூப்பிட்டார்கள். சுருதி நின்றுபோனது. பிள்ளைக்குக் குரல் தள்ளாட ஆரம்பித்தது. வயலின் வாசித்தவர் பாட்டை விட்டுவிட்டு ஷட்ஜத்தை, அதாவது ‘ச’வை மட்டும் நீளமாக இழுத்துக் கொடுத்தார். அவள் ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அதைப் பிடித்துக்கொண்டாள், மேலே போனாள். பக்கவாத்தியம் என்பது பின்னால் ஓடும் சத்தம் இல்லை, கூட வருகிற ஆள் என்று அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். இதை எந்த வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுக்க முடியும்? (போனில் சுருதி போடுகிறவர்கள் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.)

அடுத்தது காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம். பதற்றத்தில் பிள்ளைகள் ஓடுவார்கள். ஓடுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. வீட்டில் மெதுவாகப் பாடிய பாட்டு மேடையில் ஒன்றரை மடங்கு வேகத்தில் போகும், சங்கதிகள் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்கள்) ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொள்ளும். பக்கத்தில் மிருதங்கம் இருந்தால் இழுத்துப் பிடிக்கலாம். ஆனால் பிடிக்கிற கையோடு ஒத்துப்போகப் பிள்ளைக்குப் பழக வேண்டும். முதல் இரண்டு மேடைகளில் என்னோடு மல்லுக்கட்டுவார்கள். மூன்றாவதிலோ நாலாவதிலோ திடீரென்று ஒருநாள் கை நிதானமாகும். அந்த நாளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளைக்கும் அது வீட்டில் நடந்து நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் ஊர்ப் பெயரை முன்னால் வைத்துக்கொண்ட வேலூர் ராமபத்திரன் (1929–2012) நினைவுக்கு வருகிறார். 2004-இல் மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது பெற்ற மிருதங்க வித்வான். கணக்குக் காட்டி அசத்துவது அவர் வழி இல்லை. சர்வலகுவாக, அதாவது சிக்கலில்லாத சீரான ஓட்டமாக, பாட்டோடு ஒட்டிக்கொண்டு போகிற வாசிப்பு. அவருடைய பதிவுகளை மிருதங்கம் கற்கிற பிள்ளைகளைவிடப் பாடுகிற பிள்ளைகளைத்தான் நான் கேட்கச் சொல்வேன். ஒருவர் துணையாக வாசிப்பது எப்படி இருக்கும் என்று காது அறிந்துகொண்டால் மேடையில் பாதி பயம் போய்விடும்.

மைக் விஷயம் சின்னது, ஆனால் அதில்தான் நிறைய பேர் கவிழ்கிறார்கள். தன் குரல் ஸ்பீக்கரில் வெளியே போய்ச் சுவரில் மோதித் திரும்பி வருவதைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு அது வேறு யாரோ பாடுவது போலிருக்கும். ஒன்று கத்துவார்கள், இல்லையென்றால் அடங்கிப்போவார்கள். இரண்டு மூன்று மேடை ஏறினால் சரியாகிவிடும்.

நேரக் கட்டுப்பாட்டைப் பெரியவர்கள் குறையாகச் சொல்கிறார்கள். நான் அதைப் பாடமாகவே பார்க்கிறேன். ஒரு பையன் கல்யாணி ஆலாபனையை எடுத்தான். நன்றாகத்தான் பாடினான். அதிலேயே ஆறு நிமிடம் போனது. பல்லவியில் மூன்றாவது சங்கதி பாடும்போது மணி அடித்துவிட்டார்கள். கீழே இறங்கி அழுதான். அடுத்த வருடம் அதே மேடையில் ஒன்றரை நிமிடத்தில் கல்யாணியின் முகத்தைக் காட்டிவிட்டுப் பாட்டுக்கு வந்தான். நாலு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) ஸ்வரம் பாடி நேரத்துக்கு முடித்தான். ஒரு ராகத்தை ஒன்றரை நிமிடத்தில் சொல்ல வேண்டும் என்றால் எது அதன் உயிர், எது சும்மா அலங்காரம் என்று முடிவு பண்ண வேண்டும். அந்த முடிவை அவனையே எடுக்க வைத்தது அந்த மணிதான்.

சரி, இப்போது மீதி நேரத்துக்கு வருகிறேன்.

உங்கள் மகள் ஒரே டீச்சரிடம் ஐந்து வருடம் கற்றிருக்கிறாள். ஒரு கீர்த்தனை என்றால் அது இப்படித்தான் என்று அவள் காது ஒரு வழியைப் பிடித்திருக்கும். விழாவில் அதே பாட்டை வேறு பாடாந்தரத்தில் (குரு வழியாக வந்த பாடும் முறையில்), வேறு சங்கதிகளோடு இன்னொரு பிள்ளை பாடும்போது முதலில் ‘தப்பாகப் பாடுகிறாள்’ என்று தோன்றும். அப்புறம், தப்பில்லை, வேறு வழி என்று தெரியும். அந்த இடத்தில்தான் கேள்வி பிறக்கிறது. திரும்பி வந்து டீச்சரிடம் கேட்பாள். அங்கே தொடங்குகிற படிப்பு வேறு மாதிரி.

கேட்டுக் கற்பதற்குப் பழைய உதாரணம் திருவையாற்றிலேயே இருக்கிறது. புஷ்ய பகுள பஞ்சமி அன்று தியாகராஜர் சமாதியில் பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தையும் கோஷ்டியாகப் பாடுகிறார்கள். அதில் நாலாவதான ‘கன கன ருசிரா’ வராளி ராகம். வராளியைக் குரு நேராக உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யனுக்கும் மனத்தாங்கல் வரும் என்று ஒரு பழைய நம்பிக்கை. அதனால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்பார்கள். நம்பிக்கை இருக்கட்டும், கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து முன்னால் இருப்பவரின் வாயைப் பார்த்து வார்த்தையையும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு சங்கதியையும் பிடிக்கிற பழக்கம் இருக்கிறதே, அது தனியாகப் பாடிப் பாடி வருவதில்லை. அங்கே தன் குரல் மேலே கேட்டால் அது தப்பு. நன்றாகப் பாடுகிற பிள்ளைகளுக்கு இது கஷ்டமான பாடம், அதனாலேயே அவசியமானது.

அதற்குத் திருவையாறு வரைக்கும் போக வேண்டியதும் இல்லை. உங்களுக்குப் பக்கத்திலேயே வள்ளிமலை இருக்கிறது. வள்ளிமலை சுவாமிகள் திருப்புகழைப் பரப்பியது அங்கிருந்துதான். திருத்தணியில் டிசம்பர் 31 இரவு படிக்கு ஒரு திருப்புகழ் பாடி ஏறுகிற படிவிழாவைத் தொடங்கியவரும் அவரே. ஆங்கிலப் புத்தாண்டுக்கு துரைமார் வீட்டு வாசலில் போய் நிற்பதற்குப் பதிலாகத் தணிகை துரையான முருகனைப் பார்க்கப் போகலாம் என்பது அவருடைய எண்ணம். இந்த வட்டாரத்தில் திருப்புகழ் சபைகளுக்குக் குறைவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரியிலும் வள்ளிமலையிலும் கோஷ்டிகள் பாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் உங்கள் மகளை ஒரு மூலையில் உட்கார வையுங்கள். திருப்புகழின் சந்தம் ஆதி, ரூபகத்துக்குள் அடங்காது. தகிட தகிட தகதிமி என்று மூன்றும் மூன்றும் நாலுமாக வரும், இன்னும் விசித்திரமாகவும் வரும். ஒரு வருடம் கோஷ்டியில் பாடிய பிள்ளைக்குத் தாளம் சொல்லித்தர எனக்குப் பாதி வேலைதான். மேடைக் கூச்சம் உள்ள பிள்ளைக்கும் முதல் மேடை இதுதான். கூட்டத்தில் குரல் வரும், அப்புறம் தனியாகவும் வரும்.

காங்கேயநல்லூர் உங்களுக்குக் கூப்பிடு தூரம். 1906-இல் அங்கே பிறந்த கிருபானந்த வாரியார் வீணையும் கற்றவர். சொற்பொழிவு தொய்கிற இடம் பார்த்து ஒரு திருப்புகழைப் பாடிக் கூட்டத்தை நிமிர வைப்பார் என்று நேரில் கேட்ட பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். கூட்டத்தைப் பார்த்துப் பாடத் தெரிவது விழாவில் மட்டுமே கிடைக்கிற படிப்பு.

விழாவில் வளர்வது எப்படி என்று உண்மையில் தெரிய வேண்டுமானால் சபாவைவிட நாயனக்காரர்களை, அதாவது நாதஸ்வரம் வாசிக்கிறவர்களைப் பாருங்கள். வேலூரில் சித்ரா பௌர்ணமி இரவு புஷ்பப் பல்லக்குகள் வருகிறபோது மேளத்தோடு கூட நடக்கிற சின்னப் பையன்களைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தக் குடும்பங்களில் பிள்ளை முதலில் நாயனத்தைத் தொடுவதில்லை. சுருதிக்காக ஒரே ஸ்வரத்தை ஊதும் ஒத்து பிடிக்கும், இல்லையென்றால் தாளம் போடும். வருடக் கணக்கில் அதுதான் வேலை. சுவாமி புறப்படும்போது மல்லாரி, இரவு பள்ளியறை நேரத்தில் நீலாம்பரி என்று எந்த இடத்தில் எதை வாசிக்க வேண்டும், எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும் என்று நடந்தபடியே காதில் ஏறிவிடும். தானாக வாசிக்கத் தொடங்கும்போது அவனுக்குப் பாட்டு மட்டுமல்ல, பாட்டின் சந்தர்ப்பமும் தெரிந்திருக்கும். (ஆற்காட்டுக்குப் பக்கத்தில் திமிரி என்று ஓர் ஊர் இருக்கிறது. உயர்ந்த சுருதியில் பேசும் குட்டை நாயனத்துக்கும் திமிரி என்றுதான் பெயர். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று என்னிடம் கேட்காத பையன் கிடையாது.)

கூத்துக்காரர்களும் அப்படித்தான். செய்யாறு பக்கம் புரிசை, கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை என்றால் தெருக்கூத்து தெரிந்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். திரௌபதி அம்மன் கோவில் பாரதக் கூத்தில் விடிய விடிய ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் நிற்காமல் போக வேண்டும். ஆரம்பத்தில் களரி கட்டுதல் என்று சொல்லும் அந்தத் தொடக்க வாசிப்பிலேயே கூட்டத்தை இழுத்து உட்கார வைக்க வேண்டும். மைக் இல்லாத காலத்துக் குரல்கள் அவை. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பம்பை மேளமும் சிலம்பும் கேட்டவர்களுக்கு லயம் என்பது உடம்பில் எங்கே இருக்கிறது என்று தெரியும். கர்நாடக சங்கீதம் கற்கிற வீடுகளில் இதையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கிப் பார்க்கிற வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என் கையில் இருக்கிற சில நடைகளை நான் பம்பைக்காரர்களிடம்தான் கேட்டுப் பொறுக்கினேன்.

நம் ஊர் வெயிலும் ஒரு வாத்தியார். பங்குனி, சித்திரையில் பந்தலில் வாசித்தால் உலர்ந்த சூட்டில் மிருதங்கத்தின் தோல் இறுகிச் சுருதி ஏறும். வயலின் தந்தி சூட்டில் தளர்ந்து இறங்கும். இரண்டும் எதிரெதிர் திசையில் போக, நடுவில் பிள்ளை நிற்கும். இரவு பனி இறங்கினால் தோல் தளர்ந்து கதை தலைகீழ். குளிர்சாதன அரங்கில் மட்டும் பழகியவர்களுக்கு இது புரியாது. வாத்தியம் கற்கிற பிள்ளையாக இருந்தால் ஒரு கோடைத் திருவிழாவிலாவது வாசிக்க விடுங்கள்.

இனி எங்கே போவது என்பது. அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்கு 2022–23 கல்வியாண்டிலிருந்து பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும். மாநில அளவில் வெல்கிறவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். தனியார் பள்ளி என்றாலும் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டால் மத்தியக் கல்வி அமைச்சகம் 2015-இல் தொடங்கிய கலா உத்சவ் இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயது வரை சேர்க்கிறார்கள். மாவட்டக் கலை மன்றம் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கலை இளமணி விருது தருகிறது. அதற்கெல்லாம் பங்கேற்ற சான்றிதழ்கள் உதவும், ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அதற்கு மேல் சான்றிதழுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று, காட்பாடியில் இருக்கிறவர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் ரயில். மார்கழியில் காலையில் கிளம்பினால் இரண்டு இரண்டரை மணி நேரத்தில் சென்னை. சபாக்களில் மதிய வேளைக் கச்சேரிகள் வளரும் இளைஞர்களுக்கானவை, பெரும்பாலும் கட்டணம் இல்லை. உங்கள் மகளைவிட ஐந்தாறு வயது மூத்த பிள்ளைகள் பாடுவார்கள். பெரிய வித்வான்களைக் கேட்டால் பிரமிப்பு வரும். இவர்களைக் கேட்டால் ‘நானும் இங்கே வரலாம் போலிருக்கிறதே’ என்று தோன்றும். பதின்மூன்று வயதுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

கெடுதல் எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. பணம் கட்டினால் எல்லோருக்கும் கேடயம் என்று நடக்கிற விழாக்கள் பெருகிவிட்டன. நானே ஒன்றில் மாட்டியிருக்கிறேன். காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளை வரச் சொல்லிவிட்டு மாலை நாலு மணிக்கு மேடை கொடுத்தார்கள். பக்கவாத்தியம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பிள்ளை என்று ஓடியது. கேட்க ஒருவரும் இல்லை, எல்லோரும் வாசலில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். போவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள்: கேட்கிறவர்கள் யார், பாடியதைப் பற்றி நடுவரோ மூத்தவரோ பிள்ளையிடம் ஒரு வார்த்தையாவது சொல்வார்களா? இரண்டுக்கும் பதில் வராவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை தூங்கட்டும்.

அப்புறம் குரல். பையன்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு மேல் குரல் உடையும். ஐந்து கட்டையில் பாடியவன் ஒன்று, ஒன்றரைக்கு இறங்குவான் (கட்டை என்பது சுருதியின் அளவு). அந்தச் சமயத்தில் ஒத்துக்கொண்டோமே என்று பழைய சுருதியில் மேடை ஏற்றாதீர்கள். அந்த வருடம் தாளம் போடட்டும், தம்புரா பிடிக்கட்டும். பெண் பிள்ளைகளுக்கு மாற்றம் அவ்வளவு பட்டென்று தெரியாது, ஆனால் அவர்களுக்கும் உண்டு. மேல் ஸ்தாயியில் திடீரென்று காற்று மட்டும் வந்தால் சுருதியை அரைக் கட்டை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெற்றோரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை பரிசு கிடைக்காத பெண்ணை அவள் அப்பா மண்டப வாசலிலேயே, வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே திட்டினார். நல்ல ஞானம் உள்ள பெண். அடுத்த வருடம் அவளை எந்த மேடையிலும் காணோம். வேலூரில் பிறந்த வாணி ஜெயராம் எட்டு வயதில் சென்னை வானொலியில் பாடியவர். அது நமக்குப் பெருமை. ஆனால் அந்த உதாரணத்தைச் சொல்லிப் பிள்ளையை விரட்டினால் அது சாட்டையாகிவிடும்.

படிப்பு கெடுமா என்றீர்கள். நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். காலாண்டு விடுமுறை பெரும்பாலும் நவராத்திரியை ஒட்டி வருகிறது. அரையாண்டு விடுமுறை மார்கழிக்குள் வருகிறது. ஆடிக் கிருத்திகை ஒரு நாள். வருடத்துக்கு மூன்று, அதிகம் போனால் நாலு விழா போதும். அதற்கு மேல் ஓடுகிற பிள்ளைகள் புதுப் பாட்டுக் கற்பதை விட்டுவிட்டு அதே இரண்டு பாட்டை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். பத்தாம் வகுப்பில் மேடையைக் குறைக்கலாம், ஆனால் ஒரேயடியாக நிறுத்தினால் திரும்ப ஆரம்பிப்பது சிரமம். கோஷ்டியில் மட்டுமாவது உட்காரட்டும்.

முதல் விழாவுக்குப் போகும்போது இதை மட்டும் செய்யுங்கள். இரண்டு நாள் முன்னாலேயே மிருதங்கக்காரருக்குப் போன் பண்ணி மகளுடைய சுருதியைச் சொல்லிவிடுங்கள். ஐந்தரை என்றால் ஐந்தரை. ஒரு கட்டைக்கு வாசிக்கிற மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டு மேடையில் கல்லால் தட்டிக்கொண்டிருந்தால் அவள் நேரத்தில் மூன்று நிமிடம் அதிலேயே போய்விடும். பாட்டின் தாளம், எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) எங்கே என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைவிட அவளே சொன்னால் நல்லது. முதல் முறை குரல் நடுங்கும், பரவாயில்லை. பாடி முடித்ததும் உடனே வண்டி ஏறிவிடாமல் அவளுக்கு அடுத்துப் பாடுகிற நாலு பிள்ளைகளையாவது கேட்கட்டும். பதிவு செய்த பாட்டை அன்றிரவே போட்டுக் காட்ட வேண்டாம். இரண்டு நாள் போகட்டும், அப்புறம் அவளாகவே கேட்பாள்.